புது போனுக்கு மாறுவது: கேபிளா, கூகுள் பேக்கப்பா?

காட்பாடிப் பக்கம் யார் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்: பழைய போனில் இருப்பதை இரண்டு போனையும் கேபிளால் இணைத்து நேராக மாற்றுவதா, இல்லை கூகுள் கணக்கில் சேமித்து (பேக்கப்) அங்கிருந்து புது போனில் இறக்குவதா?

செலவு: கேபிளுக்கு இரண்டு முனையும் டைப்-சி வேண்டும், அவ்வளவுதான். பேக்கப்பில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குழந்தை வீடியோ நிறைய இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நேரம்: கேபிள் வேகம். பேக்கப் உங்கள் வைஃபையைப் பொறுத்தது.

பழைய போன் உடைந்தால்: லாக் திறக்க முடியாத போனில் கேபிள் உதவாது. பேக்கப் ஏற்கெனவே போட்டிருந்தால் பிழைத்தீர்கள்.

வாட்ஸ்அப்: இரண்டு போனும் கையில் இருந்தால் சாட்ஸ் செட்டிங்ஸில் போய், கியூஆர் ஸ்கேன் செய்து நேராக மாற்றலாம். பேக்கப்பே தேவையில்லை.

குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் மாற்றித் தருகிறீர்களா? கேபிள்தான் சரி. போன் தொலைந்தவர்களுக்குப் பேக்கப்தான் வழி. அதனால் பேக்கப்பை இன்றைக்கே ஆன் செய்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று. யுபிஐ எந்த வழியிலும் தானாக வராது. வங்கியில் பதிந்த எண்ணின் சிம் புது போனில் இருக்க வேண்டும்; அதிலிருந்துதான் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் போகும். "சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தால் முதலில் ரீசார்ஜைப் பாருங்கள், பிறகு எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.