சீஸ்டார் எஸ்50: மோதும் கேலக்ஸிகளுக்கு இது போதுமா?

சீஸ்டார் எஸ்50 என்பது தானே வானத்தைப் பின்தொடர்ந்து படமெடுத்து, ஃபோன் ஆப்புக்கு அனுப்பும் சிறிய தொலைநோக்கி. ஒன்றோடொன்று மோதும் கேலக்ஸி ஜோடிகளை எடுக்க இது போதுமா? எம்51 என்ற சுழல் கேலக்ஸிக்குப் போதும். ஆன்டென்னா என்ற ஜோடிக்கு அரைகுறைதான்.

50 மிமீ லென்ஸ், 250 மிமீ குவியத் தூரம், 2.9 மைக்ரான் பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.4 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). எம்51 நீளவாக்கில் 11 கலை (ஒரு கலை என்பது 60 விகலை), அதாவது 275 பிக்சல். சுழல் கைகளும், ஓரத்தில் அதை உரசிக்கொண்டிருக்கும் சிறிய கேலக்ஸி என்ஜிசி 5195-உம் நன்றாகவே விழும். ஆன்டென்னாவின் (என்ஜிசி 4038, 4039) உடல்பகுதியோ சுமார் 3 கலைதான். 75 பிக்சலில் இதய வடிவம் தெரியும். ஹபிள் காட்டும் இளம் விண்மீன் கொத்துகளை எதிர்பார்க்காதீர்கள். ஈர்ப்பு வெளியே இழுத்துவிட்ட இரண்டு வால்களும் நகர வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். அதற்கு இருண்ட வானமும் பல மணி நேரப் பதிவும் வேண்டும்.

கேலக்ஸி எடுக்கும்போது ஒளி மாசு ஃபில்டரை அணைத்துவிடுங்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளிரும் நெபுலாவுக்குத்தான் அது சரி. கேலக்ஸியின் ஒளி எல்லா நிறத்திலும் வருவதால் பெரும்பங்கு வெட்டுப்படும்.

நம் ஊரில் பெரிய தொல்லை, படம் சுழல்வது: கருவி மேல்-கீழ், இட-வலமாக மட்டுமே திரும்புவதால், வானம் சுழலச் சுழலப் படமும் மெல்லச் சுழலும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் குளிர்நாடுகளை விட நமக்கு இது அதிகம். கோவையில் ஆன்டென்னா உச்சத்தில், தெற்கே 60 பாகை உயரத்தில் இருக்கும்போது மணிக்கு 29 பாகை சுழலும். அதற்கு மூன்று மணி நேரம் முன்பு 10 பாகைதான். உச்சத்தில் ஒரு ஃபிரேமுக்கு (ஒரு தனிப் படத்துக்கு) 30 நொடி வைத்தால் மூலை விண்மீன்கள் நாலைந்து பிக்சல் இழுபடும். 10 நொடி போதும். ஏப்ரல் முன்னிரவில், அது தென்கிழக்கில் 35 பாகை ஏறியதுமே தொடங்கலாம்.

ஒவ்வொரு ஃபிரேமையும் சேமிக்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆப் எல்லா ஃபிரேம்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும் ஒரே படம் மட்டுமே மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்கு 360 ஃபிரேம், சுமார் 1.5 ஜிபி, உள்ளே 64 ஜிபி இருக்கிறது. பிறகு கணினியில் சிரில் என்ற இலவச மென்பொருள் கொண்டு மங்கலான ஃபிரேம்களைக் கழித்துவிட்டு மறுபடி அடுக்கினால், ஆப் தருவதைவிடப் பின்னணி சுத்தமாக வரும்.

சுழற்சியே வேண்டாம் என்றால் ஈக்யூ முறை இருக்கிறது: கருவியின் அச்சை வான் வடதுருவத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது. ஆனால் கோவையின் 11 பாகை அட்சரேகையில் கருவியைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். உடன் வரும் குட்டி முக்காலி கவிழும். கனமான முக்காலியாக வாங்கி, ஒரு காலை வடக்கே, சாயும் எடைக்கு நேர் கீழே வையுங்கள்.