சேணமா, லாயமா? குதிரையின் உடம்பைக் கெடுப்பது எது?

குதிரை மேல் ஏறுவதே கொடுமை என்று ஒரு கட்சி. வெளியில் விட்டால் செத்துப்போகும், நம்மிடம்தான் அதற்கு ராஜபோகம் என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் இரண்டு பேரும் மறந்துவிடுவது குதிரையின் வயிற்றை.

முதலில் லாயம். 500 கிலோ குதிரைக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும், அதைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மேய்கிற குதிரை ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரை மென்றுகொண்டிருப்பது அதனால்தான். லாயத்தில் காலையில் ஒரு வாளி கொள்ளும் தவிடும், மாலையில் ஒரு வாளி, நடுவில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பையில் புண் இருக்கிறது என்றால் ஆச்சரியம் என்ன? சில குதிரைகள் கதவுக் கட்டையை முன்பல்லால் கவ்வி, கழுத்தை வளைத்து, 'க்ளக்' என்று சத்தத்தோடு காற்றை உள்ளே இழுக்கும். பார்க்கிறவர்கள் கெட்ட பழக்கம் என்பார்கள். திறந்தவெளியில் கூட்டமாகத் திரியும் குதிரைகளிடம் இதைப் பார்க்க முடியாது.

சரி, சவாரி? அதையும் குற்றமில்லை என்று தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் ஒஹையோவில் நடந்து 2008-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், எட்டுக் குதிரைகள் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். 25-ஐத் தொட்டதும் தசைவலி தெரிய ஆரம்பித்தது. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 20 சதவீதம் என்று வைத்தால் சேணத்தோடு சேர்த்தே 60 கிலோ. கடற்கரையில் அப்பாவும் பிள்ளையுமாக ஏறி உட்காருகிற எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகெலும்பில் எலும்பு வளரும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் கெட்டியாகி மூட ஐந்து வயது தாண்டும், பந்தயமோ இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் வளர்ந்த குதிரை, பொருந்தும் சேணம், அளவான எடை, ஒரு மணி நேரம் என்றால் அது உடற்பயிற்சிதான். மீதி 23 மணி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

அப்படியானால் அவிழ்த்து விட்டுவிடலாமா? இலங்கையின் வடக்கே இருக்கும் நெடுந்தீவைப் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே தன்னிச்சையாகத் திரிகின்றன. கூட்டம் உண்டு, நாள் முழுக்க மேய்ச்சல் உண்டு, நடந்து நடந்து குளம்பும் தேயும், லாடம் தேவையில்லை. ஆனால் கோடையில் குளம் வற்றினால் தண்ணீரில்லாமல் சாகின்றன. வயிற்றுவலி வந்தாலும் பார்க்க ஆளில்லை (குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, பாவம்).

பராமரிப்பு என்ற பெயரில் நாம் செய்ததும் கொஞ்சமல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் கப்பலில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கியும் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை, தீனியோ சோறும் இறைச்சியும்! வாங்கிய பரியெல்லாம் ராத்திரியோடு நரியாகிப் போனதாகத் திருவிளையாடல் சொல்கிறது, பாண்டியனுக்குக் குதிரை ராசி அவ்வளவுதான் போல.

என்னைக் கேட்டால் லாயத்தில் அடைப்பதற்கும் அவிழ்த்து விடுவதற்கும் நடுவழிக்குத்தான் ஓட்டு: பகலெல்லாம் வெளியில், கூட ஒரு துணைக் குதிரை, எப்போதும் வாய்க்கெட்டும் புல், அளவான சவாரி. இதிலும் வம்பு உண்டு. செழித்த பச்சைப்புல்லை அளவில்லாமல் தின்ற மட்டக்குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்கவே முடியாமல் போகும். குடற்புழுவையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அதைவிடப் பெரிய சிக்கல் இடம்தான்.

அடுத்த முறை ஊட்டியிலோ மெரினாவிலோ ஏறுவதற்கு முன்னால் சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், கறுப்போ பழுப்போ ஆன தோலில் வெள்ளை முடி திட்டாக இருந்தால் அது சேணம் நாள்பட அழுத்திய தழும்பாக இருக்கலாம். காட்ட மாட்டேன் என்றால் ஏறாதீர்கள்.