சிரங்கைக் கண்டுபிடிக்க எதை நம்பலாம்: கண்ணா, பிளேடா, டெர்மோஸ்கோப்பா?

ராத்திரியானால் அரிப்பு தாங்கவில்லை என்று ஒருவர் வருகிறார். சிரங்குதானா என்று முடிவு செய்ய நான்கு வழி உண்டு: விசாரித்து உடம்பைப் பார்ப்பது, மசி தடவிப் பார்ப்பது, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைப்பது, டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி) பார்ப்பது. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால்தான் நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். சிரங்கு விஷயத்தில் அது பாதிதான் சரி.

சாதாரணச் சிரங்கில் உடம்பெல்லாம் பொரிப்பொரியாக இருந்தாலும் அதை உண்டாக்கும் கண்ணுக்கெட்டாத பூச்சிகள் மொத்தம் 10, 15தான் இருக்கும். மற்றதெல்லாம் ஒவ்வாமைத் தடிப்பும் சொறிந்த காயமும். அவற்றை எவ்வளவு சுரண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. விரலிடுக்கிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ, சாம்பல் நிறத்தில் நெளிந்து ஓடும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கோட்டைத் தேட வேண்டும். அதுதான் பூச்சி குடைந்த வளை. அதன்மேல் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, 15-ஆம் எண் பிளேடால் மேல்தோலை மட்டும் வழித்து ஸ்லைடில் வைக்கிறோம். (பூஞ்சையைத் தேடும்போது விடும் கே.ஓ.ஹெச்., அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை இங்கே விட்டால் பூச்சியின் கழிவு கரைந்துவிடும்.) பூச்சியோ முட்டையோ கழிவோ தெரிந்தால் பேச்சே இல்லை. தெரியாவிட்டால் ‘சிரங்கு இல்லை’ என்று எழுதக்கூடாது. எடுத்த இடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டெர்மோஸ்கோப்பில் ரத்தம், பிளேடு எதுவும் இல்லை. குழந்தையும் அழாது, சில நிமிடத்தில் பல இடங்களைப் பார்த்துவிடலாம். வளையின் நுனியில் கருமையான சிறு முக்கோணம் தெரியும். அது பூச்சியின் முன்பகுதி. பின்னால் வெண்கோடு, ஜெட் விமானம் விட்டுப்போன புகை மாதிரி. ஆனால் கருத்த தோலில் அந்த முக்கோணம் எளிதில் சிக்காது. நம் ஊர் ஓ.பி.யில் இது சின்னக் குறையல்ல. கண்ணும் பழக வேண்டும்.

மசிச் சோதனை ஏழைகளின் டெர்மோஸ்கோப். மசியைத் தடவி ஸ்பிரிட்டால் துடைத்தால் வளைக்குள் இறங்கியது மட்டும் கோடாக நிற்கும். சொறிந்து புண்ணான தோலில் எங்கும் ஒட்டிக்கொள்ளும், பயனில்லை.

கடைசியில் விசாரணை. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். 2020-இல் வெளியான சர்வதேச வரையறையும் இதற்கு இடம் கொடுக்கிறது. வளை கண்ணுக்குத் தெரிந்தாலோ, ஆணுறுப்பில் சிரங்குக்கே உரிய பொரிகள் இருந்தாலோ, உரிய இடங்களில் பொரிகளோடு, அரிப்பும் அரிப்போ பொரியோ உள்ள ஒருவரோடு நெருங்கிய தொடர்பும் சேர்ந்திருந்தாலோ அதுவே மருத்துவ ரீதியான நோயறிதல். ஸ்லைடு கட்டாயமில்லை. ஆனால் சட்டையைக் கழற்றாமல் கையை மட்டும் பார்த்து அனுப்பினால் இந்த வழியும் தோற்கும். அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையும் சேர்த்து. ‘வீட்ல வேற யாருக்கும் இல்லீங்க’ என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டாம். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஹாஸ்டலா, யாரோடு படுக்கை என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

கண் ஏமாறும் இடமும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பு சிரங்கின் முகத்தையே மாற்றிவிடும். படர்தாமரை என்றோ கரப்பான் என்றோ தோன்றும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் வரும் பொருக்குச் சிரங்கில் அரிப்பே குறைவாக இருக்கலாம், விசாரணையில் பிடிபடாது. அங்கே பிளேடுதான் முதலிடம். ஆயிரக்கணக்கில் பூச்சிகள் இருப்பதால் பொருக்கில் துளி எடுத்தாலும் ஸ்லைடு நிறையும்.

மருந்து பூசிய பிறகும் ‘அரிப்பு நிக்கலை டாக்டர்’ என்று திரும்பி வருபவர்களுக்கு டெர்மோஸ்கோப்தான் கைகொடுக்கும். பூச்சி செத்தாலும் 2 முதல் 4 வாரம் அரிப்பு நீடிக்கும். புது வளையோ முக்கோணமோ இல்லையென்றால், மறுபடி மறுபடி பெர்மெத்ரின் (பூச்சியைக் கொல்லும் களிம்பு) எழுதித் தோலைக் காய வைக்காமல் அரிப்புக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம்.