ஊர்ச் சிறு பள்ளியா, நகரத்துப் பெரிய பள்ளியா?

பிள்ளைகள் குறைந்துவரும் ஊரில் பெற்றோரைக் குடையும் கேள்வி இது.

தேர்ச்சி விகிதம்: இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 10 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 100 சதவீதம் 90 ஆகிவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் குறைவது அரை சதவீதம்தான். சிறு பள்ளியென்றால் நான்கைந்து ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

கவனிப்பு: சிறியதுக்கே என் ஓட்டு. அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட தொடக்க வகுப்புகள், 22 முதல் 25 பேர் கொண்டவற்றைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முந்தின. ஆனால் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பாடப்பிரிவு, ஆய்வகம்: பெரியதுதான், சந்தேகமே இல்லை.

பயணம்: சிறியதுக்கு நடை போதும். பெரியதுக்குப் பேருந்து, தவறவிட்டால் அன்றைய வகுப்பு போச்சு.

சரி, எது யாருக்கு? எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக்கு ஊர்ப் பள்ளி. அறிவியல் பிரிவு தேடும் மேல்நிலை மாணவருக்கு நகரம். அப்புறம், தலைக்கணக்கில் ஆசிரியரை ஒதுக்கும் இடங்களில், நாலு குடும்பம் ஒன்றாகக் கிளம்பினால் ஓர் ஆசிரியர் பணியிடமே போய்விடலாம்.