மாக்கல்லில் ஒரு மாதவிடாய்க் கோப்பை: வின்னிபெக்கின் கௌமாயுக் கலை மையம்

கனடாவின் வின்னிபெக் கலைக்கூடத்தை ஒட்டி 2021 மார்ச் மாதம் திறக்கப்பட்ட கௌமாயுக், வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் கலைக்கென்றே எழுப்பப்பட்ட மையம். இனுக்டிடூட் மொழியில் அப்பெயருக்கு ‘ஒளி நிறைந்திருக்கிறது’ என்று பொருள். ஏறக்குறைய 40,000 சதுர அடிக் கட்டடம், வெண்ணிறக் கருங்கல் முகப்பு, மேல்தளத்தில் கூரைச் சாளரங்கள் வழியே வெளிச்சம் இறங்கும் பெருங்கூடம் என எல்லாமே பெயருக்குப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. கட்டடத்தின் அழகைப் பற்றி வேறு பலர் போதுமான அளவு எழுதிவிட்டார்கள்; நான் கல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வாயிலைக் கடந்ததும் எதிரே நிற்பது மூன்று தளங்களை ஊடுருவி எழும் கண்ணாடிப் பெட்டகம். வழக்கமாக அருங்காட்சியகங்கள் நிலவறையில் பூட்டிவைக்கும் சேமிப்பைத் தெருவிலிருந்தே தெரியும்படி நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சிற்பங்கள் அதில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன: கரடிகள், சீல் எனப்படும் கடல்நாய்கள், ஆந்தைகள், குழந்தையைச் சுமக்கும் தாய்மார்கள், ஈட்டி ஏந்திய வேட்டைக்காரர்கள். முதல் பத்து நிமிடம் வியப்பு. அதன்பின், இத்தனை கரடிகள் ஏன் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியோடு பார்ப்பவருக்குத்தான் இந்த மையம் தன் முழுப் பயனையும் தருகிறது என்பது என் கருத்து.

அக்கேள்வியை எனக்குள் விதைத்தவர் கப்லுசியாக். மேற்கு ஆர்க்டிக்கின் இனுவியலுயிட் மக்களைச் சேர்ந்த, கால்கரியில் வாழும் இந்தக் கலைஞர், நாம் ‘மரபு’ என்று நினைக்கும் அதே மாக்கல்லை எடுத்துக்கொண்டு மாதவிடாய்க்காலப் பஞ்சுச் சுருளான டாம்பானையும் மாதவிடாய்க் கோப்பையையும் செதுக்கியவர். 2023இல் கனடாவின் 1,00,000 டாலர் சோபி கலை விருது அவருக்குக் கிடைத்தது. முதன்முதலில் அந்தச் செதுக்கல்களின் படங்களைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது; அது கேலிக்காகச் செய்யப்பட்டது என்றும் எண்ணினேன். கௌமாயுக்கின் பெட்டகத்தின் முன் நின்றபோதுதான் அந்த எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்று புரிந்தது.

மாக்கல் நமக்கும் அந்நியமான கல் அன்று. கல்சட்டியைக் குடைவது அதில்தான். வடதுருவப் பகுதியிலும் பல நூற்றாண்டுகளாக அது பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்கும் பொருளாகவே இருந்தது. சீல் கொழுப்பை எரித்து வீட்டைச் சூடாக்கிய குல்லிக் என்னும் அகலமான விளக்கையும், அதன் மேல் தொங்கிய சமையல் பாத்திரத்தையும் அந்தக் கல்லில்தான் குடைந்தார்கள். அந்த விளக்கின் சுடரைப் பேணிக் காத்தவர்கள் பெண்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான பளபளப்பான கரடி பெருமளவில் உருவானதோ மிக அண்மையில்: 1948இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் வட கியூபெக்கிலுள்ள இனுக்ஜுவாக் என்ற இனுயிட் ஊருக்குச் சென்று சிறு சிற்பங்களைச் சேகரித்து வந்தார், 1949இல் மொன்ட்ரியலில் அவை விற்பனைக்கு வைக்கப்பட்டு மூன்றே நாளில் தீர்ந்தன, 1951இல் என்னென்ன செய்தால் தென் கனடாவில் விலைபோகும் என்று படம் போட்டுக் காட்டும் கையேடு ஒன்றும் வெளிவந்தது. அந்தச் சந்தையால் பல குடும்பங்கள் பிழைத்தன. மகத்தான கலைஞர்களும் அதிலிருந்து எழுந்தார்கள். ஆனால் ஒரு பெண்ணின் அன்றாடத் தேவைக்கான கிண்ணத்தை மாக்கல்லில் செதுக்கும் கப்லுசியாக், கரடியைச் செதுக்குபவரைக் காட்டிலும் பழைய வழக்கத்துக்கு அருகில் நிற்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதே மையத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொடக்கக் கண்காட்சியான ‘இனுவா’வை ஒருங்கிணைத்த நால்வரும் இனுயிட்டுகள், ஹெதர் இக்லோலியோர்ட் தலைமையிலான அக்குழுவில் கிறிஸ்டா உலுயுக் ஸவாட்ஸ்கி, அசின்னாயாக் ஆகியோருடன் கப்லுசியாக்கும் இருந்தார். கனடாவின் நான்கு இனுயிட் நிலப்பகுதிகளிலிருந்து பகுதிக்கு ஒருவர். சீல் தோலால் தைத்த விண்வெளி உடையையும், கலைக்கூடமாக மாறிய ஒரு சரக்குப் பெட்டகத்தையும் கல் சிற்பங்களோடு ஒரே கூடத்தில் வைக்கும் துணிவு அக்குழுவிடம் இருந்தது. அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. எனினும் இனுயிட் கலையை இனுயிட்டுகளே தேர்ந்து அடுக்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு அது வைத்த அளவுகோலைக் கொண்டுதான் அடுத்து வருபவற்றை அளக்க வேண்டியிருக்கிறது.

குறை என்று சொன்னால் ஒன்றைச் சொல்வேன். இச்சிற்பங்களில் பல, கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கேற்ற அளவில் செய்யப்பட்டவை. அறுபதுகளுக்கு முந்திய சிற்பங்கள் பலவற்றின் அடியில் கலைஞரின் பெயருக்குப் பதிலாக, கனடா அரசு இனுயிட்டுகளுக்கு 1941 முதல் வழங்கிய அடையாள வில்லையின் எண் கீறப்பட்டிருக்கும். யார் செய்தது என்பதைவிட எந்த எண் செய்தது என்று பதிவான காலத்தின் சாட்சி அது. கண்ணாடிக்கு இப்பால் நிற்பவருக்கு அந்த அடிப்பகுதி அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. பாதுகாப்புக்குக் கண்ணாடி வேண்டும் என்பதை மறுக்கவில்லை; சிலவற்றையேனும் கவிழ்த்து வைத்துக் காட்டலாமே என்பதுதான் என் ஆசை.

செல்பவர்கள் பெட்டகத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. மேல்தளக் கூடத்தை அதன்பின் பார்த்தால் கண்ணும் மனமும் பழகியிருக்கும். கட்டடத்துக்கு வெளியே கூட்டா அஷூனாவின் பெரிய பளிங்குச் சிற்பம் திறந்தவெளியில் நிற்கிறது. அதை உள்ளே நுழையும் முன் பார்ப்பதா, திரும்பும்போது பார்ப்பதா என்று கேட்டால், திரும்பும்போது என்பேன். கண்ணாடியின் பின்னாலேயே கல்லைப் பார்த்துவிட்டு வருபவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.