மீதித் தொகையைக் கொடுக்கும் முன் புத்தகத்தை எடை போடுங்கள்

திருநெல்வேலியிலிருந்து ஒரு காலாண்டுச் சிற்றிதழையும், ஆண்டுக்குச் சில நூல்களையும் வெளியிட்டுவரும் எங்களைச் சென்னை அச்சகம் ஒன்று ஏமாற்றிய விதத்தை, மற்றச் சிறு பதிப்பாளர்களின் கவனத்துக்காக எழுதுகிறோம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை நம்பி டிசம்பரில் அச்சுக்குக் கொடுப்பவர்கள்தாம் இதில் எளிதாகச் சிக்குவார்கள்.

வேலை, டெமி அளவில் 240 பக்கச் சிறுகதைத் தொகுப்பு, 300 பிரதிகள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) என்.எஸ். (இயற்கை நிற) மேப்லித்தோ தாள், ஆஃப்செட் அச்சு, ஃபாரம் (16 பக்க மடிப்பு) ஒவ்வொன்றையும் நூலால் தைத்த பைண்டிங், மேட் லேமினேஷன் அட்டை என்று வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனை ஏற்றுப் பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்தினோம். நாங்கள் வெளியூர் என்பதால் பிரதிகள் நேராக நந்தனம் புத்தகக் காட்சியில் உள்ள நண்பர்களின் அரங்குக்கே போய்விடும் என்றும், கட்டுகள் வண்டியேறும் முன் மீதித் தொகை வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அரங்கில் ஒரு வாசகர் நின்று புரட்டிக்கொண்டிருக்கும்போதே 113ஆம் பக்கத்துத் தாள் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. தைத்த புத்தகமாக இருந்தால் ஒவ்வொரு 16 பக்க ஃபாரத்தின் நடுவிலும் நூலோட்டம் தெரிய வேண்டும். பதினைந்து ஃபாரங்களில் ஒன்றில்கூட நூல் இல்லை. சாய்வாகப் பிடித்தால், டிஜிட்டல் அச்சில் பயன்படும் டோனர் மைத்தூளின் எழுத்துகள் மினுங்கின. டிஜிட்டலில் ஒற்றைத் தாள்களாக எடுத்து, முதுகில் பசை தடவி ஒட்டிவிட்டு, ஆஃப்செட்டுக்கும் தையலுக்குமான கட்டணத்தை வாங்கியிருக்கிறார்கள். (டிஜிட்டல் அச்சின்மீது எங்களுக்கு வெறுப்பு ஏதுமில்லை, சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும்.)

தாளிலும் அதே கதைதான். பருமன் கூடிய மட்டத்தாள் விரலை ஏமாற்றிவிடும், தராசை ஏமாற்றாது. டெமி பக்கம் ஏறத்தாழ 14 x 21.5 செ.மீ. என்றால், 120 தாள்களின் பரப்பு சுமார் 3.6 சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் தாளானால் அட்டை நீங்கலாகவே 290 கிராம் அளவுக்கு வர வேண்டும். எங்கள் புத்தகமோ அட்டையோடு சேர்த்தே 235 கிராம்தான். அட்டையின் எடையைக் கழித்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 60 ஜிஎஸ்எம். காய்கறிக் கடைத் தராசே இந்தச் சோதனைக்குப் போதும்.

கேட்டபோது, "சீசன்ல தாள் கிடைக்கல சார், எல்லாருக்கும் இதுதான் போகுது" என்றார் உரிமையாளர். வேண்டுமானால் அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளலாமாம். அவர்கள் தந்த பில்லில் "புத்தகம் அச்சிட்டது – 300" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. தாளைப் பற்றியோ பைண்டிங்கைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஆகவே கொட்டேஷனில் உள்ள விவரம் முழுவதையும் பில்லிலும் எழுதித் தரக் கேளுங்கள். பைண்டிங் முடிந்த ஒரு பிரதியைக் கூரியரில் வரவழைத்து, பிரித்துப் பார்த்து, எடை போட்ட பிறகே மீதியைக் கொடுங்கள். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் அச்சகத்துக்கு வேலை கொடுக்காமலிருப்பது நல்லது.

விற்காத பிரதிகளை அரங்கிலிருந்து எடுத்துவிட்டோம். நூல் வேறிடத்தில் மறு அச்சாகிறது. பழைய பிரதியை வாங்கியவர்கள் தெரிவித்தால் புதியதை எங்கள் செலவில் அனுப்பிவைப்போம். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.