வாடைக்காற்று ராத்திரிக்கு எது சரி: கறிக்குழம்பா, கோழிச்சாறா, ஆட்டுக்காலா?

திருநெல்வேலியில் ஏது குளிர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் எங்கள் வீட்டில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய் கிடைக்கும். ஊட்டிக் குளிர் இல்லைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த தரை தை முடியும்வரை சில்லென்றே கிடக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது அனுபவித்துச் சொன்னதுதான்.

இந்த ராத்திரிகளுக்குக் கறி சமைக்கும் வீடுகளில் மூன்று கட்சி உண்டு: வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, ஆட்டுக்கால் பாயா. மூன்றையும் ருசி பார்த்துத் தரம் பிரிக்க முடியாது, மூன்றுமே நல்ல ருசி. நான் பார்ப்பது வேறு. குளிர்ந்த ராத்திரியில் தட்டில் போட்ட எதுவும் சீக்கிரம் ஆறிவிடும். ஆறினபிறகு அது வாயில் எப்படி இருக்கிறது?

கறிக்குழம்பு இங்கேதான் தோற்கிறது. வற்றல், மல்லி, சோம்பு, கசகசாவோடு தேங்காயை வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, நெஞ்செலும்பும் கொழுப்புமாகக் கொதிக்கவிட்ட குழம்பை அம்பை 16 அரிசிச் சோற்றில் ஊற்றினால் மத்தியானத்துக்கு அதற்கு ஈடில்லை. சபரிமலைக்கோ திருச்செந்தூருக்கோ மாலை போட்ட வீட்டில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் கறி கிடையாது. பொங்கல் கழிந்து கரிநாளில்தான் சட்டி ஏறும். அன்றைக்கு இந்தக் குழம்பைத் தவிர வேறு எதையும் நினைக்கவே மாட்டேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதே குழம்பு பாதிச் சோற்றிலேயே ஆறிவிடும். ஆட்டுக்கொழுப்பு உருகுவதற்கு உடம்புச் சூட்டைவிட அதிகச் சூடு வேண்டும். அதனால் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் குடித்தால்தான் போகும். அதோடு வறுத்த தேங்காய் வேறு வயிற்றில் கனக்கும். மிச்சத்தை மறுநாள் சுண்டவைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள், அது தனி ருசி.

நாட்டுக்கோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. கோழிக்கொழுப்பு ஆறினாலும் இளகியே கிடக்கும், மேலே மஞ்சளாக மிதக்கும், வாயில் ஒட்டாது. பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்ந்து கடைக்கு வந்துவிடுகிறது. நாட்டுக்கோழி மாதக்கணக்கில் தெருவில் ஓடித் திரிந்த உடம்பு. கறி முறுக்காக இருக்கும், வேகவும் நேரமெடுக்கும். வேகும் நேரமெல்லாம் அது தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சாறு இவ்வளவு மணக்கிறது. தோலோடு வாட்டி மஞ்சள் தடவி வாங்க வேண்டும். மிளகு, சீரகம், மல்லி, பூண்டு போதும், தேங்காய் வேண்டாம். தாளிக்க நல்லெண்ணெய்.

2023 டிசம்பர் 17 ராத்திரியை எங்கள் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. தாமிரபரணி கரை தாண்டிவிட்டது. கரண்ட் கிடையாது, கடை கிடையாது. கூடைக்குள் நனைந்து ஒடுங்கியிருந்த வெடக்கோழிதான் மறுநாள் ராத்திரி எங்களுக்குச் சாப்பாடு. மிக்ஸி ஓடாததால், பல வருஷமாகச் செருப்பு வைத்திருந்த அம்மியை ஆச்சி கழுவச் சொன்னாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளே உட்கார்ந்து மிளகு அரைத்தாள். அந்தச் சாற்றை டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். மழை ராத்திரி, சளி, காய்ச்சல், கடைக்குப் போக முடியாத நிலைமை என்றால் கோழிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் சாறு வயிற்றை நிரப்பாது, பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். (செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் நன்றாகத்தான் இருக்கும். அது குற்றாலச் சாரலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கான சாப்பாடு, இந்தக் கணக்கில் சேராது.)

பனி ராத்திரிக்கு ஆட்டுக்கால்தான்.

காலில் சதை ரொம்பக் கிடையாது. தோல், நரம்பு, எலும்பு மூட்டு, அவ்வளவுதான். மெல்லவே முடியாத அந்தத் தோலும் நரம்பும் நெடுநேரக் கொதியில் கரைந்து பசையாகும். விரலில் தொட்டு ஒட்டிப் பிரித்தால் லேசாக இழுக்கும், உதடு ஒன்றோடொன்று ஒட்டும். ஆறினால் இதுவும் உறையும், ராத்திரி மிச்சம் காலையில் அல்வா மாதிரி ஆடும். ஆனால் இந்தப் பசை உடம்புச் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். ஆறிப்போன பாயா வாய்க்குள் போனதும் மறுபடி சாறாகிறது. ஆட்டுக்கொழுப்பும் இதுவும் ஒரே ஆட்டிலிருந்து வந்தவைதான், வாய்க்குள் நடப்பது நேர் எதிர்.

இதில் கஷ்டம் சுத்தம் செய்வதுதான். கடையில், “அண்ணாச்சி, வாட்டித் தரவா, வீட்ல பாத்துக்கிடுதீகளா?” என்று பாய் கேட்பார். வாட்டியே வாங்குங்கள். அடுப்பில் முடி பொசுங்கும் வாடை ரெண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. அப்புறம் கத்தியால் கருக்கைச் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் தேய்த்து, வெந்நீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். நான்கு காலுக்கு இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் குக்கரில் முக்கால் மணி நேரம், அதன்பிறகு மூடியைத் திறந்து சிறு தீயில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அடுப்படியே வெதுவெதுப்பாகிவிடும், ஆளாளுக்கு அங்கேதான் வந்து நிற்பார்கள். மிளகும் சோம்பும் கடைசியில். தேங்காய்ப்பால் விட்டபிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

தொட்டுக்கொள்ள மேலப்பாளையம் பக்கத்து வீடுகளில் இடியாப்பம், எங்கள் வீட்டில் ஆப்பம். ஆப்பத்தின் நடுக்குழியில் ஊற்றி, ஓரத்து மொறுமொறுப்பைப் பிய்த்து முக்கிச் சாப்பிட்டால் ரெண்டோடு எழுந்திருக்க முடியாது. விலையும் கறிக்கடையில் ஒரு கிலோ வாங்குகிற காசில் பாதிகூட ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஏழு மணிக்கு மேல் ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

இன்றைக்குக் காலையில் பாட்டிலில் எண்ணெய் அடிவரை வெள்ளையாக உறைந்திருந்தது. பாய்க்குப் போன் போட்டு நாலு கால் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.